மூன்றாம் எண் கட்டில்

மேட்ரன் காரை விட்டு இறங்கியபோது மணி மூன்றரை. மைதானத்தின் பின்வாசலில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்கள் சக்கரம் வைத்த பெரிய கறுப்புப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். அன்று மாலை அங்கே ராக் கச்சேரி. உள்ளேயிருந்து ஒரே ஒரு டிரம் மட்டும், யாரோ சோம்பலாகக் கதவைத் தட்டுவதுபோல், விட்டுவிட்டு ஒலித்தது.

"நானும் வரட்டுமாக்கா?" என்றார் தம்பி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

"ஒரு பதிவேட்டைப் பார்க்க ரெண்டு பேரா? என்ன, ஊர்வலமா போறோம்?"

"இல்ல, பூட்டியே கெடந்த இடம். பாம்பு கீம்பு இருக்கப் போகுது."

"என்னைப் பார்த்தா அதுதான் ஓடும்."

தம்பி சிரித்தார். அக்கா சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது அறுபது வயதிலும் மாறாத வீட்டுச் சட்டம்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போன பிறகும் 'மேட்ரன்' என்ற பட்டம் போகவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளும் மிச்சமில்லை. தலைமுறைக்கு ஒரு மருத்துவரைக் கொடுத்த குடும்பம் அது. அந்த வீட்டு வெள்ளை அங்கியில் யாரும் ஒரு சொட்டு மை பட்டுப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இந்த மைதானத்தில் நடந்த ராக் கச்சேரிகளுக்கெல்லாம் முப்பத்தோரு வருடம் முதலுதவி மருத்துவராக இருந்தார். நாளைக்கு அந்த முதலுதவி அறைக்கு அப்பாவின் பெயரை வைக்கப் போகிறார்கள். பித்தளைத் தகட்டுக்கான வாசகத்தை மேட்ரனே எழுதிக் கொடுத்திருந்தார்: 'கடைசி ரசிகர் வீடு திரும்பும்வரை நோயாளியின் கட்டிலை விட்டு அகலாதவர்.'

விழா மலருக்கு அவர் ஒரு கட்டுரையும் எழுதவேண்டியிருந்தது. எட்டு வயதிலிருந்து ஐம்பது வயது வரை அவர் பார்த்த கச்சேரிகளின் நினைவுகள். தேதிகளைச் சரிபார்க்கப் பழைய பதிவேடுகளைக் கேட்டிருந்தார். மைதான அலுவலகத்திலிருந்து வந்த பதில்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதெல்லாம் ஸ்ட்ரெச்சர்காரர்கிட்ட இருக்கும்மா. உங்ககிட்ட மட்டுந்தான் காட்டுவேன்னு சொல்றார்."

மட்டும் என்றால்? மடியில் கனமில்லாதவன் எதற்குத் தனியாகக் கூப்பிடுகிறான்?

ஸ்ட்ரெச்சர்காரர் படிக்கட்டின் கீழே காத்திருந்தார். இருபது வயதில் அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எழுபத்து நாலு. ஸ்ட்ரெச்சரின் கைப்பிடி பிடித்தே இரண்டு தோளும் முன்பக்கம் வளைந்திருந்தன.

"வாங்கம்மா. அப்பா நடை அப்படியே உங்ககிட்ட இருக்கு."

"பதிவேடு எங்கே?"

அவர் சாவியைத் திருப்பினார்.

பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், சன்னல் இல்லாத நீளமான அறை. குழல்விளக்கு மூன்று முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. ஸ்பிரிட் வாசனை, பழைய ரப்பர் வாசனை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. ஈரத் தலைமுடியின் வாசனை. வெகுநாளாகப் பூட்டிய அறைக்கு அது எப்படி வரும் என்று மேட்ரன் மூக்கைச் சுருக்கினார்.

நாலு இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. மூன்று திரைகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. மூன்றாம் எண் கட்டிலின் திரை மட்டும் மூடியிருந்தது.

"அது ஏன் மூடியிருக்கு?"

"அது எப்பவும் அப்படித்தாம்மா. டாக்டர் ஐயா காலத்துலேர்ந்து."

மேட்ரன் வேறு பக்கம் திரும்பினார். காரணம் அவருக்கும் கொஞ்சம் தெரியும்.

எட்டு வயதில் முதல் கச்சேரி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா கூடவே கூட்டி வந்திருந்தார். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு இந்த அறை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் சிறுமி. மயங்கி விழுந்தவர்களை முன்வேலிக்கு மேலே தூக்கிக் கடத்திக் கொண்டுவருவார்கள். அப்பாவிடம் ஒரு விதி உண்டு. கண் திறந்தால் போதாது, தண்ணீர் குடித்தால் போதாது. நோயாளி தன் பெயரைத் தானே சொல்லவேண்டும். அதுவரை கட்டிலை விட்டு யாரும் நகரக்கூடாது. பெயர் வந்துவிட்டால் அடுத்த கட்டில்.

அன்றைக்குக் கடைசியாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து மூன்றாம் கட்டிலில் போட்டார்கள். பதினாறு வயதிருக்கும். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. ஒரு காலில் ஷூ, மற்றதில் குதிகால் கிழிந்த சாக்ஸ் மட்டும். அப்பா நாடி பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார். "கடைசிப் பாட்டு கண்ணு. வா, ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

அப்பாவின் தோளில் ஏறி அவள் பார்த்த அந்தக் காட்சி! விளிம்பே இல்லாத தலைகள். விளக்குகள் நீலமாகி, சிவப்பாகி, வெள்ளையாகிக் கண்ணைக் குத்தின. டிரம் அடிக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குள் யாரோ தட்டினார்கள். அப்பா அவள் கணுக்கால்களை இறுகப் பிடித்தபடி, வீட்டில் ஒருநாளும் பாடாத மனிதர், உரக்கப் பாடினார்.

அவருடைய வாழ்க்கையில் அதைவிட நல்ல நினைவு கிடையாது. கட்டுரை அதில்தான் தொடங்குகிறது.

பத்தொன்பது வயதில் விடுதித் தோழிகளோடு வந்தார். முன்வேலியில் வயிறு நசுங்க நின்றிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண்ணைத் தலைகளுக்கு மேல் கடத்தினார்கள். அவரைத் தாண்டும்போது ஒரு கால் கன்னத்தில் உரசியது. சில்லென்ற, ஈரமான சாக்ஸ். குதிகாலில் கிழிசல்.

கூட்டம் ஷூவைத் தின்னும் என்று சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் ஒற்றை ஷூக்களை மூட்டை கட்டி அள்ளுவார்களே. சாக்ஸ் என்றால் கிழியாதா?

முப்பத்து நாலு வயதில், செவிலியாக, அப்பாவோடு இதே அறையில் பணி. மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. மேட்ரன் பழக்கத்தில் குனிந்து கேட்டார். "பேர் என்னம்மா?"

அந்தப் பெண் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"பேர் சொன்னா நீங்க போயிடுவீங்கல்ல?"

போர்வை எடுக்கத் திரும்பிய நேரத்தில் கட்டில் காலி. அப்பாவிடம் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. "அந்தக் கட்டிலுக்குத் திரையைப் போட்டுவை" என்றார். அப்போதுதான் மேட்ரன் இன்னொன்றைக் கவனித்தார். கடைசிப் பாட்டு தொடங்கினால் அப்பா மேடைப் பக்கம் போவதே இல்லை. நாற்காலியை மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். என்ன கடமையுணர்ச்சி என்று ஊரே மெச்சியது.

அந்த வீட்டில் அப்பாவைக் கேள்வி கேட்கும் வழக்கமில்லை. மேட்ரனும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு இருபத்தெட்டு வருடமாக மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்.

"இதுதாம்மா அந்த வருஷம்." ஸ்ட்ரெச்சர்காரர் மேசையில் ஒரு பதிவேட்டைத் திறந்துவைத்தார். எந்த வருஷம் என்று மேட்ரன் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்பாவின் நேர்த்தியான கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் பெயர், நேரம், அழைத்துப் போனவர் கையெழுத்து. கடைசி வரியில் மட்டும் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

'பெண், வயது சுமார் பதினாறு. மயக்கம். 9.40. தேறினாள். நடந்து வீடு சென்றாள்.'

ஒற்றை ஷூவோடா?

வெளியே டிரம் அடித்துக்கொண்டிருந்தது. ஒலி சரிபார்க்கும் ஒற்றை அடி. மேட்ரனின் மனம் பழக்கத்தில் அதை எண்ணியது. நிமிடத்துக்கு அறுபது.

"சொல்லுங்க" என்றார். "இதுக்குத்தானே கூப்பிட்டீங்க."

ஸ்ட்ரெச்சர்காரர் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னையும் ஐயா அனுப்பிட்டார்மா. நீயும் போய் ஒரு பாட்டு பாருடான்னார். சின்னப் பையன் நான், ஓடிட்டேன். நாலு நிமிஷப் பாட்டு. திரும்பி வந்தப்ப இவ வாந்தி எடுத்து, மூச்சடைச்சு..."

"போதும்."

"ஐயா ரொம்ப நேரம் போராடினார். வரல."

"அப்புறம்?"

"திரைக்கு இந்தப் பக்கம், நீங்க அந்த ஸ்டூல்ல தூங்கிட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் அவளைப் பின்வாசல் வழியா தூக்கிட்டுப் போய், பஸ் நிறுத்தத்துல, பெஞ்சுல உக்கார வெச்சோம். காலையில யாரோ பார்த்து எடுத்துட்டுப் போனாங்களாம். தேடி ஒருத்தரும் வரலையாம். பேரே எழுதாத ஒடம்பை எங்கன்னு வந்து தேடுவாங்க? நாங்க பேரைக் கேக்கவே இல்லையேம்மா."

மேட்ரன் நிமிர்ந்தே நின்றிருந்தார். அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. இப்போதும் வளையவில்லை. ஆனால் கணுக்கால்களில், அப்பாவின் விரல்கள் அன்று பற்றியிருந்த அதே இடத்தில், குளிர் ஏறியது. தான் தோளில் உட்கார்ந்து கைதட்டிய அந்த நாலு நிமிடம்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"அம்பத்து நாலு வருஷம் வாயைத் திறக்காதவருக்கு இன்னைக்கு என்ன வந்தது? யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஆபீஸ்ல அந்தத் தகட்டைக் காட்டினாங்கம்மா. அகலாதவர்னு எழுதியிருந்துச்சு. அவளும் படிப்பாளேம்மா."

டிரம் நின்றது.

நிசப்தத்தில், திரைக்குப் பின்னால், யாரோ மூச்சு விட்டார்கள்.

மேட்ரன் முதலில் ஸ்ட்ரெச்சர்காரரின் முகத்தைப் பார்த்தார். இது இவன் ஏற்பாடு. பேத்தி எவளையாவது உள்ளே படுக்கவைத்திருக்கிறான். ஆனால் அந்தக் கிழவரின் கண்கள் தரையைப் பார்த்திருந்தன. கைகள் ஸ்ட்ரெச்சர் பிடிப்பதுபோல் தாமாகவே மடங்கியிருந்தன.

"உங்களுக்கும் கேக்குதாம்மா?" என்று கிசுகிசுத்தார்.

"ஒண்ணும் கேக்கல."

"ஒரு வரி எழுதிடுங்கம்மா. நடந்தது இதுன்னு. உங்க கையால. நீங்க எழுதினா நம்புவாங்க. அவ யாருன்னு தேட ஒரு வழி பிறக்கும்."

நாளைக்குப் பத்து மணிக்கு விழா. தம்பி பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், எல்லோரும் முன்வரிசையில் இருப்பார்கள். அப்பாவின் பெயர் மேல் ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு அந்தப் பெயரை வைத்து யார் நிமிர்ந்து நடப்பது?

மேட்ரன் மேசையிலிருந்த மர அளவுகோலை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் வைத்தார். ஒரே இழுப்பு. காகிதம் பிசிறில்லாமல் கிழிந்து வந்தது.

"அம்மா, வேண்டாம்மா!"

"எங்க வீட்டு அழுக்கு. எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்." நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து மூடினார். "நீங்க இத்தனை நாள் பேசாம இருந்த மாதிரியே இனியும் இருங்க."

மூன்றாம் கட்டிலின் ஸ்பிரிங் முனகியது.

திரையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் முதலில் ஒரு ஷூ இறங்கியது.

பிறகு ஒரு சாக்ஸ்.

"இத்தனை வருஷமும் படுத்தேதாம்மா இருந்தா." ஸ்ட்ரெச்சர்காரரின் குரல் காற்றாக வந்தது. "அந்த ஒரு வரியிலயாவது இருந்தா. அதையும் எடுத்துட்டீங்க. இனி அவ எங்க படுப்பா?"

மேட்ரன் ஓடவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. கதவைத் தாண்டி, படிகளுக்கு அடியிலிருந்து மைதானத்தின் வெயிலுக்கு வந்தார். பின்வாசலுக்குக் குறுக்கு வழி, மேடைக்கு முன்னால் போகிறது. ஆளில்லாத பெரிய வெளி. மேடையில் பாடகன் ஒருவன் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எதையோ முணுமுணுப்பாகப் பாடினான், நிறுத்தினான்.

ஒலிபெருக்கிகள் அத்தனையிலிருந்தும் அவன் குரல் இறங்கியது.

"அம்மா! வெள்ளைப் புடவை அம்மா! கொஞ்சம் நில்லுங்க."

மேட்ரன் நிற்கவில்லை.

"உங்க பின்னால வர்ற பொண்ணு தள்ளாடுது பாருங்க. யாராவது பிடிங்கப்பா, விழப் போகுது!"

கிழவன் இவனையும் கூட்டுச் சேர்த்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டார். எண்ணம் ஒட்டவில்லை, வழுக்கியது. பின்னால் காலடி கேட்டது. ஒன்று டக்கென்று. அடுத்தது ஓசையில்லாமல். மறுபடி டக்கென்று.

வாசல் வந்தது. தம்பி இறங்கி நின்று, வழக்கம்போல் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார். மேட்ரன் ஏறி, ஓரமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, நேர் முன்னால் பார்த்தார்.

"கதவைச் சாத்து. கிளம்பு."

தம்பி சாத்தவில்லை. காருக்கு வெளியே, தன் தோள் உயரத்தில், எதையோ கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைப் பார்க்கும் அதே பார்வை.

"பாவம், நிக்க முடியல அவளால" என்றார். "கொஞ்சம் நகர்ந்து உக்காருக்கா."