நாலாவது குரல்

"விரிசல், வலது!" என்று முன்னால் போன வொப்பே கத்தினான், அவனுக்குப் பின்னால் ஹிஸ்கே அதையே திருப்பிக் கத்தினாள், அவளுக்கும் பின்னால், மூடுபனிக்குள் எங்கோ சறுக்கி வந்த தாக்கே கத்தினான், அதற்கப்புறம் ஸ்கேட்டின் இரும்பு பனிக்கட்டியைச் சீவும் சத்தம் மட்டும் மிஞ்ச வேண்டிய நேரத்தில், இன்னொரு குரல் நிதானமாக அதைச் சொன்னது.

"விரிசல், வலதூ."

ஏரியில் இருந்தது மூன்றே பேர்.

நாளை மறுநாள் ஸ்கேட்டிங் கிளப்பின் ஏரிச்சுற்று, ஊரே ஏரியைச் சுற்றிச் சறுக்கும் நாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஏரி முழுசாக உறைந்திருக்கிறது. பனிக்கட்டியைத் துளை போட்டு அளந்து, தண்ணீர் திறந்து கிடக்கும் இடங்களில் கிளை நட்டு எச்சரிக்கை வைப்பது வொப்பேயின் பொறுப்பு. அவன் சொன்னால்தான் ஊர் ஏரியில் இறங்கும். ஹிஸ்கேயின் கூடப்பிறந்த அண்ணன் அவன். மூடுபனியில் போகும்போது முன்னால் போகிறவன் கத்த வேண்டும், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் திருப்பிக் கத்த வேண்டும், ஒரு பதில் குறைந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்.

கடைசி எழுத்தை அப்படி இழுக்கிறவர் ஒருவர்தான். ரைண்டர். ஹிஸ்கேயின் புருஷன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், அரைகுறையாக உறைந்திருந்த இதே ஏரியில் மூழ்கிப்போனவர்.

காற்றே இல்லை. ஆனாலும் நனைந்த கம்பளியின் வாடை பின்னாலிருந்து வந்து அவள் கழுத்தோரம் தங்கியது. திரும்பிப் பார்த்தால் வெள்ளையாக எதுவுமில்லாத வெளி, அதற்குள் தாக்கேயின் ஸ்கேட் சத்தம், அதோடு ஒட்டிக்கொண்டு, அரை நொடி தாமதமாக, இன்னொரு ஜோடி.

"தண்ணி, இடது!"

முன்னாலிருந்து வொப்பே கத்தியபோது அவள் இன்னும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள், திருப்பிக் கத்தவில்லை. வொப்பே பனித்தூள் பறக்க நின்றான்.

"பதில் எங்கடி? உயிரை வாங்காதே!"

"அண்ணா, பின்னாடி ஒரு குரல்... உனக்குக் கேக்கல?"

"உன் குரல்தான் கேக்கல. அதுக்குத்தானே நின்னேன்." அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

தாக்கே வந்து சேர்ந்தான். போன மாதம்தான் கிளப் செயலாளரானவன். "அண்ணன் தங்கச்சி சண்டைய ஏரி நடுவுலயா வச்சுக்கணும்? கிளப்புல பட்டாணி சூப் ஆறுது அக்கா," என்று சிரித்தான்.

மறுபடி கிளம்பினார்கள். நாலு தள்ளு தள்ளியதும்தான் அவளுக்கு உறைத்தது. பதில் வராததால் நின்றான்.

ரைண்டர் மூழ்கிய அன்றைக்கு ஏரியில் அவரும் வொப்பேயும் மட்டும். "நான் சத்தமாத்தான் கத்தினேன், அவன் பதிலே சொல்லல, காது மந்தம், தூரம் போய்த் திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்," என்று வந்து அழுதான். அவளும் அதையே மாமியாரிடம் சொன்னாள், போலீசிடம் சொன்னாள், கல்லறையில் நின்று ரைண்டரையே திட்டினாள். பதில் வராவிட்டால் வொப்பே நிற்பான். அன்று நிற்கவில்லை. அப்படியானால் கத்தவே இல்லை.

அவனை எட்டிப் பிடித்தாள். "அன்னைக்கு நீ கத்தினியா?"

"பேசாம வா."

"கத்தினியா இல்லையா?"

"மறந்துட்டேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை! ஊரே என்னை நம்பி இறங்குது ஹிஸ்கே, நான் என்ன பண்ணட்டும்?"

"என் வாயாலேயே அவரைத் திட்ட வச்சுட்டியே பாவி! கிளப்புல எல்லார் முன்னாடியும் சொல்றேன் பாரு."

"சரி," என்றான் அசதியாக. "கரைக்கு வந்து சொல்லு."

ஆனாலும் பின்னால்தான் போனாள். கரை எங்கே என்று தெரியாது. தெரிந்தது அவன் முதுகு மட்டும். என்ன இருந்தாலும் அண்ணன்.

அந்த முதுகு லேசாக வலப்பக்கம் சாய்ந்தது.

சத்தமில்லை.

அவள் நேரே இரண்டு தள்ளு தள்ளினாள்.

கறுப்பு. குளிர். மூச்சு வரவில்லை. விழுந்தால் பனியில் குத்தி ஏறுவதற்காகக் கழுத்தில் தொங்கிய ஆணிகளைப் பிடித்து விளிம்பில் குத்தினாள். விளிம்பு உடைந்தது. மறுபடி குத்தினாள். மறுபடி உடைந்தது.

அப்போதுதான் வொப்பே கத்தினான். தூரத்திலிருந்து. தாக்கேக்கு நன்றாகக் கேட்கும்படி.

"தண்ணி, இடது!"

அவள் வாயைத் திறந்தாள். தண்ணீர்தான் உள்ளே போனது.

"தண்ணி, இடது!" அவள் தலைக்கு மேலே, அவள் போயிருக்க வேண்டிய இடத்தில், ஒரு பெண் கத்தினாள். அவளுடைய குரல்.

"தண்ணி, இடது!" தாக்கே வலப்பக்கம் ஒதுங்கி, சிரித்தபடியே கடந்து போனான்.

"தண்ணி, இடதூ."

பதில் எதுவும் குறையவில்லை. யாரும் நிற்கவில்லை.