வாயாடியின் கவுன்

"ஐயோ... என் வாயெல்லாம் எங்கே?"

அவள் போட்ட கூச்சலில், தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கவுனுக்காக அச்சிட்ட முன்பக்கத் துணியைக் காயப்போட்டுவிட்டு அவள் வருவதற்குள், கல்லூரிப் பட்டறைத் தொட்டியில் அவளுடைய அச்சு ஸ்கிரீன் பளிச்சென்று வெறுமையாகிவிட்டிருந்தது. வாரக்கணக்காக வரைந்து அதில் ஏற்றிய வாய்கள்... சிரிப்பவை, கத்துபவை, பழிப்புக் காட்டுபவை... எல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"யாரோ விட்டுட்டுப் போன பழசுன்னு நினைச்சுட்டேங்க... நாடகப் போஸ்டர் அடிக்கணும், அதான் மருந்து ஊத்திக் கழுவி..."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கிறதில்லையா?"

குழாய்த் தண்ணீர் தெறித்து நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, பேந்தப் பேந்த விழித்தான் போஸ்டர்க்காரன். 'கண்ணு மட்டும் நல்லாத்தான் இருக்கு, பாவிக்கு...' அந்த நேரத்திலும் இப்படி நினைத்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

சத்தம் கேட்டு வந்த ஆசிரியைக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. "நல்லதாப் போச்சு! வாய் வாயாப் போட்ட கவுனை எவ உடுத்துவா? பூ போடு. பூ இல்லைன்னா கண்காட்சியில உனக்கு மேடையும் இல்லை."

வீட்டில் அம்மாவுக்கும் வாய் என்றால் ஆகாது. 'பொண்ணாப் பொறந்தவ முதல்ல வாயைத் திறக்கக் கூடாது.' அவளுக்கு வாயாடி என்று பட்டம் கட்டியதும் அம்மாதான். அதனால்தானே வாயையே வரைந்தாள்!

"பூ போட மாட்டேன், மேடம்."

ஆசிரியை போனதும் அவன் மெல்லக் கனைத்தான். "நான் உதவி பண்றேங்க..."

"உங்க கை பட்டதே போதும்!"

மறுபடி வரைந்து, ஸ்கிரீனில் ஏற்றி, பின்பக்கத் துணியை மேஜையில் விரித்தாள். ஸ்கிரீனை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ரப்பர் கட்டையால் சாயத்தை இழுக்க வேண்டும். வீம்புக்குத் தனியாக இழுத்தாள். ஸ்கிரீன் நழுவி ஓர் உதடு இரண்டானது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை இழுக்கப் போனபோது, எதிர்ப்பக்கமிருந்து இரண்டு கைகள் வந்து ஸ்கிரீனை அசையாமல் பிடித்தன. திட்ட நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... வாயாடி திட்டை மறந்து ரப்பர் கட்டையை எடுத்தாள். துணி நிரம்பும்வரை அவன் பிடிக்க, அவள் இழுத்தாள்.

கண்காட்சி நாள் வந்தது. மேடை இல்லையென்றால் வாசலும் இல்லையா என்ன? கவுனைத் தானே உடுத்திக்கொண்டு அரங்க வாசலில் நின்றாள். உள்ளே போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். பலர் நின்று பார்த்துச் சிரித்தார்கள். "எங்கே வாங்கினே? எனக்கும் வேணும்" என்றாள் ஒருத்தி. ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கண்காட்சி பார்க்க வந்திருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவன் வந்தான். நகக்கண்ணில் இன்னும் அவளுடைய நீலச் சாயம்.

"உங்ககிட்ட ஒண்ணு... நான் வந்து... அன்னிக்கு..."

"யாருடி இது?" என்றாள் அம்மா.

"இரும்மா." நிமிர்ந்து நின்றாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. முதல்ல சொன்னது நான்தான்... எங்கம்மாவே சாட்சி!"

அம்மா வாயடைத்து நின்றாள். அவன் முகமெல்லாம் சிவந்துபோனது.

"அதைத்தாங்க நானும்..."

"ம்... முழுசாச் சொல்லுங்க. அரங்கமே கேக்கட்டும்."

அவன் சொன்னான்... உரக்கவே.