சோர்ச்சை

வண்டி ஓடி இரண்டு நாளாகியிருந்தது. ஆனாலும் அதன் முன்பக்கத்துக்குக் கீழே மண் நனைந்திருந்தது. ஜெயதாஸ் குனிந்து விரலை வைத்துப் பார்த்தான். ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

இன்ஜின்மேல் கை வைத்தான். அது சில்லிட்டுக் கிடந்தது.

யுத்தத்துக்கு முந்தின கார் அது. குளத்தூரில் வாடகைக்கு ஓடுவது அது ஒன்றுதான். முதலாளி வேலாயுதன், ஓட்டுவது ஜெயதாஸ். முந்தாநாள் மட்டும் ஜெயதாஸுக்குச் சொல்லாமல் யாரோ அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் முதலாளி வாயில் கொழுக்கட்டை. போதாததற்குப் பின்சீட்டைக் கழுவி வெயிலில் வேறு காயப்போட்டிருந்தார். வாங்கின நாளிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவாத மனுஷனுக்கு இதென்ன புதுச் சுத்தம் என்று ஜெயதாஸுக்குப் புரியவில்லை.

தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி எல்லைக் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம். ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த நாளிலிருந்து ஜெயதாஸின் தம்பி சத்தியராஜ் தலைமறைவு. கோட்டுகாலில் ஒரு தென்னந்தோப்பில் ஒளிந்திருக்கிறான், இன்று அந்திக்கு அண்ணன் காரோடு வரவேண்டும் என்று நாலு நாளைக்கு முன் சேதி வந்திருந்தது. விடிவதற்குள் எல்லையிலிருக்கும் ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் தம்பி பிழைத்தான். வழியில் கார் கொதித்து நின்றால் பிடிபடுவான். அவ்வளவுதான் கணக்கு.

அதனால்தான் வேலாயுதன்மேல் சந்தேகம் முளைத்தது. போன மாதம்வரை தமிழர் கூட்டங்களில் தொண்டை கிழியக் கோஷம் போட்டவர், சூட்டுக்குப் பிறகு தமிழையே விட்டுவிட்டார். கோழியை விரட்டுவதுகூட மலையாளத்தில். ஓட்டை வண்டியைக் கொடுத்து, அது நிற்கிற இடத்தில் ஆளையும் நிறுத்தி வைத்திருக்கிறாரோ என்னவோ.

இப்போதும் அவர் ஷெட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அது சோரயா. தொடண்டா," என்றார் மெல்ல, மலையாளத்தில்.

சோருவா, அதாவது ஒழுகுகிறது, தொடாதே என்கிறார் என்றே ஜெயதாஸ் காதில் வாங்கினான். தொடாதேயாம்! சரிசெய்துவிடுவானோ என்று பயம்.

"சோருதுண்ணு எனக்கும் தெரியும், மொதலாளி. அதத்தான் அடைக்கப் போறேன்."

வேலாயுதன் ஏதோ சொல்ல வந்து, சாலையைப் பார்த்துவிட்டு, விலகிப் போனார்.

ரேடியேட்டரைக் கழற்றியபோது உள்ளிருந்து சிவப்பாகக் கொட்டியது. துருவாக்கும் என்று ஜெயதாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துரு இப்படிக் கையில் பிசுபிசுக்குமா என்று கேட்ட மனதை அதட்டி அடக்கிவிட்டு, ரேடியேட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் பின்னாலிருந்த குளத்துக்கு நடந்தான். நடக்க நடக்க வெதுவெதுப்பான ஈரம் முதுகில் வழிந்து இடுப்புவரை இறங்கியது.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மற்ற வாய்களையெல்லாம் தென்னந்தும்பு திணித்து அடைத்து, ரேடியேட்டரை நீரில் முக்கி, மேல் குழாயில் வாய் வைத்து ஊதினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஊதினான். பாசி நாற்றத்துக்கும் தவளைச் சத்தத்துக்கும் நடுவே, சரியாக ரேடியேட்டரின் நெஞ்சுப் பகுதியிலிருந்து குமிழிகள் கிளம்பின. தூக்கிப் பார்த்தான். சுண்டுவிரல் நுனி நுழையும் உருண்டை ஓட்டை. கல் தெறித்தால் இவ்வளவு உருண்டையாக விழாது.

யாரோ வேண்டுமென்றே செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுண்ணாம்பையும் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்து ஓட்டையில் அழுத்தி அடைத்தான். காய்ந்தால் உளி வைத்தாலும் பெயராது. கரையில் குந்தியிருந்து, வாழைகளுக்கிடையே யாராவது அசைகிறார்களா என்று நோட்டம் விட்டபடியே அது இறுகக் காத்திருந்தான். வெயில் சாய்ந்தது. தட்டிப் பார்த்தான். கல்லாகியிருந்தது.

மறுபடியும் முக்கினான். ஊதினான். ஒரு குமிழி வரவில்லை. அப்பாடா என்று சந்தோஷமாக இருந்தது. இனிக் கோட்டுகால் என்ன, மதுரைக்கே ஓட்டலாம்.

வாயை எடுக்கப் போனான்.

குழாயிலிருந்து ஒரு காற்று வந்து அவன் உதட்டில் பட்டது.

சூடாக இருந்தது. ஊதின காற்றுதான் திரும்புகிறது என்று நினைத்தான். காத்திருந்தான். இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. விட்டுவிட்டு. திணறித் திணறி.

தவளைகள் எப்போது ஓய்ந்தன?

குழாயில் காதை வைத்தான்.

"அடச்சிட்டியே அண்ணா," என்றது சத்தியராஜின் குரல். "மூச்சு விட முடியல்லியே."

ஸ்குரு டிரைவரால் குத்தினான். சுண்ணாம்பு பெயரவில்லை. நகத்தால் பிறாண்டினான். நகம் பெயர்ந்தது. பெயரவில்லை அது.

கரையில் காலடிச் சத்தம். வேலாயுதன் நின்றிருந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். கண்ணில் நீர் ஓடியது. துண்டை எடுத்தார். தமிழில் பேசினார்.

"நான் சொன்னேனே மக்கா. சோருதுண்ணா சொன்னேன்? சோரயாக்கும்ணு சொன்னேன். ரத்தமாக்கும்ணு. ஒந்தம்பிய சுட்டு, இந்த வண்டியிலதான் போலீசு தூக்கிட்டுப் போனாவ."

"கோட்டுகாலுக்கா?"

வேலாயுதன் தலையை ஆட்டினார். இல்லை.

"எங்க?"

அவர் துண்டால் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெயதாஸ் குழாயைப் பற்றினான். வாய் வைத்தான். நெஞ்சில் இருந்ததையெல்லாம் ஊதினான். உள்ளேயிருந்து ஒரு மூச்சு திரும்பி வந்தது.

ஊதினான். வந்தது. முன்னதைவிடச் சிறியது.

அவன் முழங்காலைச் சுற்றிக் குளம் சிவந்துகொண்டிருந்தது. வாயை எடுக்கப் பயம். மூச்சு வாங்கக்கூடப் பயம்.

ஊதினான்.

கொஞ்சம் வந்தது.

ஊதினான்.