முப்பத்து மூன்று நொடிப் பார்வை

பைசா நகரின் வாசலில் பேருந்து நின்றதும் சுற்றுலா வந்தவர்களில் நாற்பத்திரண்டு பேர் இறங்கி, கண்ணை அகலத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். ஓர் இயந்திரக் கை ஒவ்வொருவர் விழியிலும் மெல்லிய காவல்வில்லையைப் பொருத்திவிட்டு அடுத்தவரிடம் போயிற்று. இருபத்திரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எந்தப் பழைய கட்டடத்தைப் பார்ப்பதானாலும் இதுதான் நடைமுறை. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் கொட்டாவிகூட விட்டார்.

எல்லாம் கண்தேய்வு விதியால் வந்தது. மனிதப் பார்வைக்கு மிகச் சிறிய அழுத்தம் உண்டு, கோடிக்கணக்கானோர் ஒரே கல்லை உற்றுப் பார்த்தால் அது தேயும் என்று அறுபது வருடத்துக்கு முன் விஞ்ஞானிகள் சொன்னார்கள். கண்ணேறு பற்றி நாம் காலங்காலமாகச் சொன்னதைத்தானே இவர்கள் சமன்பாடாக எழுதியிருக்கிறார்கள் என்று காங்கேயத்தில் கொஞ்ச நாள் பெருமையடித்துக்கொண்டார்கள். அது அடங்குவதற்குள், ஆளுக்கு இவ்வளவு நொடி என்று அளந்து கொடுக்கும் பார்வைப்படி வந்துவிட்டது. சாய்ந்த கோபுரத்தை ஓர் ஆள் தன் ஆயுளில் பதினொரு நொடிதான் பார்க்கலாம். மிஞ்சினால் வில்லை கோபுரத்தை மட்டும் சாம்பல் நிறத்தில் மறைத்துவிடும். கேமராவுக்குக் கட்டுப்பாடு கிடையாது.

காங்கேயத்தில் எண்ணெய் ஆலை நடத்தும் மயிலாத்தாளுக்கு அறுபத்தொரு வயது. இவ்வளவு சாய்ந்தும் அது எப்படி விழாமல் நிற்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஐம்பது வருடமாக ஆசை. பார்வைப்படியை உறவுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் இடம் இருந்தது. கணவர் சென்னியப்பன் தன் பதினொன்றை உடனே கொடுத்துவிட்டார். கூடவே வந்திருந்த நாத்தனாரிடம் மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைசியில் முழங்கால் வலி நாத்தனாரைப் பேருந்திலேயே உட்கார வைத்துவிட, அந்தப் பதினொன்றும் வந்து சேர்ந்தது.

"பதினாலே நிமிஷங்க," என்றார் வழிகாட்டி இன்பராஜ். "விசில் அடிச்சதும் வந்துரணும். அடுத்து பிளாரன்ஸ், அங்கதான் மதியச் சாப்பாடு. லேட்டாப் போனா தயிர்சாதம் மட்டும்தான் மிஞ்சும்."

கூட்டம் நடையை எட்டிப் போட்டது. மயிலாத்தாள் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏனுங் மாமா, என்னையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. தெரியாம கண்ணு பட்டுச்சுன்னா ரெண்டு நொடி வீணாப் போயிரும்."

"இப்பவே பாத்துப்போட வேண்டியதுதான மயிலு?"

"அவசர அவசரமாப் பாக்கறதுக்கா மூணு பேரு பங்கச் சேத்தி வெச்சிருக்கறேன்? மொதல்ல போட்டோ எல்லாம் முடியட்டும். அப்பறம் நிம்மதியாப் பாக்கறேன்."

போட்டோ முடிகிற பாடாக இல்லை. கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் ஒன்று, முதுகால் முட்டுக் கொடுப்பதுபோல் ஒன்று. சென்னியப்பனோடு இரண்டு எடுத்ததும் ஆலைக்காரர்களுக்கு அனுப்ப ஒன்று வேண்டியிருந்தது. பிறகு குழுவோடு மூன்று முறை எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் யாராவது கண்ணை மூடிவிட்டார்கள். எல்லாவற்றிலும் கோபுரம் அவளுக்குப் பின்னால் இருந்தது. கடைசிப் படம் முடிந்து, மூச்சை இழுத்துவிட்டு, இனி திரும்பலாம் என்று முந்தானையைச் சரிசெய்தபோது இன்பராஜின் விசில் கேட்டது. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயத்தில் அவள் கால் தானாக வாசலை நோக்கி ஓடியது.

வாசலில் பார்வைக் காப்பகத்தின் அதிகாரி ஒருத்தி, நடுவயது இத்தாலியப் பெண், வில்லையைக் கழற்றித் திரையில் காட்டினாள். செலவு பூஜ்யம். மீதி முப்பத்து மூன்று.

"அட, ஒண்ணுகூடச் செலவாகலியே. அத்தனையும் மிச்சம்," என்று சென்னியப்பன் திருப்தியாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறப் போனார்.

மயிலாத்தாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஐம்பது வருட ஆசையைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அதிகாரிக்கு மனது கேட்கவில்லை. அவள் கழுத்துப்பட்டையிலிருந்த மொழிபெயர்ப்பி இலக்கணச் சுத்தமாகப் பேசியது. "அம்மையீர், கலங்க வேண்டா. யாரிடமும் உரைக்காத ஒன்றை உரைக்கிறேன். இக்கோபுரம் இம்மியும் தேயவில்லை. வருவோர் சராசரியாக ஒன்றரை நொடியே இதனை நோக்குகின்றனர்."

மயிலாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். ஒன்பது வருடத்துக்கு முன் காப்பகம் வில்லையின் மறைப்பை நீக்கிவிட்டு, யாரும் எவ்வளவு நேரமும் பார்க்கலாம் என்று அறிவித்ததாம். ஒரே மாதத்தில் கோபுரத்தைச் சுற்றியுள்ள புல்வெளி காலியாகிவிட்டதாம். பதினொரு நொடி மட்டும் என்று மறுபடி சொன்ன பிறகுதான் கூட்டம் திரும்பியதாம். இப்போது பொருத்துவது வெறும் கண்ணாடி, அதற்கு நொடியை எண்ண மட்டும்தான் தெரியும்.

"எல்லை என்று ஏதும் இல்லை. இதோ, இங்கிருந்தே திரும்பி நோக்குங்கள். தங்கள் குழுவில் இருவர் இன்னும் கழிப்பறையில் உள்ளனர். நேரம் இருக்கிறது."

இப்படி ஏமாற்றினார்களே என்று முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மனது லேசாயிற்று.

"எத்தன நேரம் வேணும்னாலும் பாக்கலாமுங்களா?"

"ஆம்."

"எப்ப வந்தாலுமுங்களா?"

"எப்பொழுது வந்தாலும்."

மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணும் அவசரமில்லீங்க. இன்னொருக்கா வரப்பப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். பேருந்தில் ஜன்னலோர இடத்தை யாராவது பிடித்துவிடுவார்களே என்று இருந்தது அவளுக்கு.