ஜெஸ்பினுக்கு ஒரு தங்குமிடம்

மழை விட்டபாடில்லை. ஆனால் துணி காய்ந்திருந்தது.

பெமிலா கொடிக்கயிற்றில் கிடந்த நைட்டியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கருங்கல் பக்கத்தில் எந்த வீட்டிலும் துணி காயாது. அடுப்படியில் போட்டால் புகைநாற்றம் ஏறுமே தவிர ஈரம் இறங்காது. காய வைத்த ரப்பர் ஷீட்டில்கூட பூசணம் பிடிக்கும். அப்படிப்பட்ட மழையில், காலையில் பிழிந்து போட்ட நைட்டி சாயங்காலத்துக்குள் பப்படம் மாதிரி விறைத்து நின்றது. மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு மணம் இல்லை, மழை மணமும் இல்லை. வெயிலே படாத பழைய கல்லின் மணம்.

"எம்மா, துணி காஞ்சிருக்கு."

"காஞ்சா எடுத்து மடக்கு. அதுக்கு ஏன் பேயைக் கண்ட மாதிரி நிக்க?"

ஜெயபாய் திரும்பிப் பார்க்கவில்லை. அண்டியாபீசில் முந்திரித்தோடு உடைத்து உடைத்துக் கறுத்துப்போன விரல்களை மடியில் கோத்துக்கொண்டு வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

வாசல் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. கதவும் இல்லை, நிலையும் இல்லை. சுவரில் அகலமாக ஓர் ஓட்டை. அதை மறைத்து ஆணியில் தொங்கும் நீலத் தார்ப்பாய். காலையில் சிஜின் கொத்தனார் இடித்துப் போட்டது. இடிக்கும் முன் அவன் சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு பெமிலாவைத்தான் பார்த்தான்.

"மழைக்காலத்துல யாராவது வாசலை இடிப்பாவளா? படிச்ச பிள்ளைல்லா நீ, அம்மைக்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"படிச்சவ சொன்னா கேக்க வீடா அண்ணே இது? இடிச்சுத் தொலையுங்க."

"இந்த அகலத்துல வச்சா உள்ள காரு கேற்றலாம், அக்கா" என்று ஜெயபாயிடம் சிரித்தான்.

"காரு வேண்டாம்."

"பின்ன என்னத்துக்கு?"

ஜெயபாய் இரண்டு கைகளையும் விரித்து ஓர் அளவு காட்டினாள். சிஜினின் சிரிப்பு நின்றது. அந்தப் பெட்டிக்கு அன்று தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். அவன் சம்மட்டியை ஓங்கினான்.

பெட்டி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது. இந்தப் பக்கத்துச் சவப்பெட்டி ஆளின் அளவுக்கு இருக்கும். அது அப்படியில்லை. உள்ளே தகடு, தகட்டுக்கு மேல் மரம், மரத்துக்கு மேல் இன்னொரு மரச்சட்டம். திறக்கக் கூடாது என்று முத்திரை. உள்ளே பெமிலாவின் தங்கை ஜெஸ்பின்.

இங்கே செத்தவரை ஒரு ராத்திரி வீட்டுக்குள் கிடத்துவார்கள். சபையார் வந்து சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். விடிந்து, பெற்றவள் முகத்தில் கடைசி முத்தம் கொடுத்த பிறகுதான் கல்லறைத் தோட்டம். ஜெஸ்பினுக்கு முத்தமும் இல்லை, ராத்திரியும் இல்லை. பெட்டி வாசலில் நுழையவில்லை. இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள், நிலையில் முட்டி நின்றது. யாரோ ஒருக்களித்துப் பார்க்கலாம் என்றபோது இஸ்ரவேல் மாமா அலறினார்: "சரிக்காதிங்கடே! உள்ள பிள்ளை உருளும்!" அப்படியே முற்றத்தில் இறக்கினார்கள். ராத்திரி முழுக்க மழை. ஜெயபாய் நனைந்த மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. வாசலைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெமிலா நைட்டியை மடிக்காமல் கட்டிலில் எறிந்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

அவள் செய்தது பொய் சொல்லும் வேலை. அவளே அப்படித்தான் சொல்வாள். உலகத்தில் உள்ள ஊர்களுக்கெல்லாம் போகிறவர்கள் எங்கே தங்கலாம் என்று, அந்த ஊர்களைக் கண்ணால் கண்டிராத பெண்கள், மார்த்தாண்டத்திலும் கருங்கல்லிலும் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்து எழுதுவார்கள். பெங்களூர்க் கம்பெனி அதை வாங்கி விற்கும். அன்று காலை வந்த வேலை தெற்கு பிரான்சில் ஒரு பழைய ஊர். அவிஞோன். ஜெஸ்பின் போன ஊர் அது என்று பெங்களூரில் யாருக்கும் தெரியாது. மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் மாற்றியிருப்பார்கள். பெமிலா எழுதவில்லை. அந்த ஊரைப் பற்றி ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கத்தான் ஜெஸ்பின் போனாள். விடுதி அறை ஒரு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றார்கள். அந்த ஒரு வாரத்துக்கு அறை தேடிக் கொடுத்தது பெமிலா. ஆற்றுக்கு அக்கரையில் ஒன்று இருந்தது. பிள்ளை ராத்திரி பாலம் கடந்து நடக்க வேண்டாம் என்று தள்ளினாள். ரயில் நிலையத்துப் பக்கம் ஒன்று; கண்டவனும் வந்து போகிற இடம். கடைசியில் கோட்டைமதிலுக்கு உள்ளே, போப்புகள் வாழ்ந்த அரண்மனைக்குப் பின்னால், கல்லால் கட்டிய பழைய வீட்டின் மாடியறை. போட்டோவில் அழகாக இருந்தது.

"அக்கா, இங்க ஒரு காத்து அடிக்குவு பாத்துக்க, மிஸ்ட்ராலாம். மழையே இல்லாம குளிருவு. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு" என்று போனில் சிரித்தாள். "சன்னல் மட்டும் திறக்க முடியல. ஹீட்டர் போட்டுட்டுப் படுக்கப் போறேன்."

அதுதான் கடைசி. ஹீட்டரில் எரிந்த வாயுவின் புகை அறையை விட்டு வெளியே போகவில்லை.

பெமிலா தட்டச்சு செய்யத் தொடங்கினாள். தார்ப்பாய் மெல்ல உப்பித் தாழ்ந்தது. பக்கத்தில் சுந்தர்சிங் வீட்டில் சாயங்கால ஜெபம் தொடங்கி, பாட்டு மழையோடு கலந்து வந்தது. மதிலுக்கு உள்ளே தங்கினால் எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம், என்று எழுதினாள். பாதி ஆற்றில் நின்றுபோன பழைய பாலம் பக்கம்தான். அமைதி வேண்டுமென்றால் ஆற்றின் நடுவே உள்ள தீவு. விரல்கள் பழகிய வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

படி ஏறும்போது பாதியில் விளக்கு அணைந்துவிடும். வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏற வேண்டும். பன்னிரண்டாவது படி உடைந்திருக்கும். பெட்டியை அங்கே தூக்கிக்கொள்ள வேண்டும்.

அவள் அதை எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது. அந்த வீட்டின் படியை அவள் எந்த போட்டோவிலும் பார்த்ததில்லை. வலது உள்ளங்கை குளிர்ந்தது, திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

கரண்ட் போனது.

திரையின் வெளிச்சம் மட்டும். சுந்தர்சிங் வீட்டுப் பாட்டு நடுவரியில் நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது, ஓட்டிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தம் தூரமாகப் போய்விட்டது, யாரோ ஒரு தடித்த கதவைச் சாத்தியது போல. தார்ப்பாய்க்கும் சுவருக்கும் இடையே தெரிந்த முற்றத்தில் வாழை இலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் தார்ப்பாய் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. காற்று. ஈரமே இல்லாத காற்று. பெமிலா உதட்டை நக்கினாள். நக்கின இடம் உடனே காய்ந்து வலித்தது.

பிறகு அந்தச் சத்தம்.

கடகட, கடகட, கடகட. கல் பாவிய தெருவில் பெட்டி உருட்டும் சத்தம். நாகர்கோவில் கடையில் ஜெஸ்பின் தேடித் தேடி எடுத்த பெட்டிக்குச் சக்கரம் உண்டு. ஆனால் முற்றத்தில் கல் கிடையாது. சிவந்த சேறு. சேற்றில் சக்கரம் புதையும், ஒரு சத்தமும் கேட்காது. இது கேட்டது. ரோட்டு முனையில். மரச்சீனிக்கிழங்கு விளையில். கிணற்றடியில்.

"வாறா" என்றாள் ஜெயபாய்.

"எம்மா, இங்கோட்டு வா. அடுப்படிக்கு வா."

"விடுட்டி கையை."

"உன் உதட்டுல ரத்தம் வருவும்மா!"

வந்தது. ஜெயபாயின் கீழுதடு நடுவில் பிளந்து கறுப்பாக ஒரு கோடு தாடைக்கு இறங்கியது. அவள் துடைக்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து விட்டாள், மலையேறுகிறவள் மாதிரி. பெமிலாவுக்கும் மூச்சு முட்டியது. சுவரில் ஆளுயர ஓட்டை, காற்று கொட்டுகிறது, ஆனால் நெஞ்சுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தங்கை தனியாக வரவில்லை. அந்த அறையும் கூட வருகிறது.

சக்கரம் நின்றது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்.

"அக்கா."

அதே குரல். களைத்த குரல். வெகுதூரம் நடந்த பிள்ளையின் குரல்.

"அக்கா, எல்லா இடத்துலயும் கேட்டுப் பாத்துட்டேன். ஒரு இடத்துலயும் ஆளில்ல. இங்க தங்கலாமா?"

அம்மாவிடம் கேட்கவில்லை. பெமிலாவிடம் கேட்டது. எங்கே தங்க வேண்டும் என்று எப்போதும் அவளிடம்தானே கேட்டிருக்கிறாள். பெமிலா வாயைப் பொத்திக்கொண்டாள். வா என்று சொல்ல நாக்கு துடித்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரியாம எடுத்துத் தந்துட்டேன் மக்கா, போட்டோவைப் பாத்து எடுத்துட்டேன் என்று கதற வேண்டும். சொன்னால் அம்மா போய்விடுவாள். இப்போதே அம்மாவின் கை மரம் மாதிரி இருந்தது. இருப்பது அவள் ஒருத்திதான்.

"வேண்டாம்" என்றாள். "இங்க வேண்டாம், ஜெஸ்பின். போயிரு."

வெளியே ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம், அவ்வளவுதான்.

ஜெயபாய் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பெற்ற நாள்முதல் அவள் அப்படிப் பார்த்ததில்லை. பெமிலாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு எழுந்துபோய்த் தார்ப்பாயை இரண்டு கைகளாலும் ஏந்தித் தூக்கிப் பிடித்தாள்.

"யாருகிட்ட கேக்க மக்கா நீ? உன் வீடுல்லா. வா. குனியாண்டாம். சரியாண்டாம். அம்மா பெருசாக்கிப் போட்டேன்லா."

திரை அணைந்தது.

இருட்டு. குளிர். ஏதோ ஒன்று பெமிலாவை உரசாமல், வெகு கவனமாக, உரசாமல் கடந்தது. பாய் விரியும் சத்தம். அம்மாவின் முழங்கால் நெட்டி முறியும் சத்தம். இரண்டு மூச்சு. ஒன்று. அதுவும் மெல்ல. மெல்ல.

"எம்மா?"

மேசையைத் தடவித் தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி எரியவில்லை. இரண்டாவது நீலமாக, சிறிதாக, காற்றே இல்லாத இடத்தில் எரிவது போல எரிந்தது.

ஜெயபாய் கோரைப்பாயில் கம்பளி போர்த்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் கல்யாணப் பெண்ணுக்குப் போல் சிவந்திருந்தது. அந்தப் புகையில் போகிறவர்களின் முகம் வெளுக்காது, சிவந்துபோகும் என்று பிரான்சிலிருந்து போனில் பேசியவள் பெமிலாவிடம் சொல்லியிருந்தாள். பெமிலா அதை அம்மாவிடம் சொன்னதே இல்லை. ஜெயபாயின் உதடுகள் குவிந்திருந்தன. அவளுடைய கை பக்கத்தில் ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக் கிடந்தது. ஆனால் கையின் கீழே கம்பளி ஓர் ஆளின் நீளத்துக்கு மேடாக இருந்தது.

குச்சி விரலைச் சுட்டது. பெமிலா விடவில்லை.

கம்பளிக்குள் அந்த மேடு அசைந்தது. அம்மாவை இடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்தது. பாயில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு நின்றது. பிறகு கம்பளியின் இந்தப் பக்கத்து ஓரம் மெதுவாக உயர்ந்து, பெமிலாவுக்காகத் திறந்து பிடித்தபடி காத்திருந்தது.