பானெட் திறக்காத வீட்டுக் கார்

இலஞ்சிக்கு ரோடு பிரியும் விலக்கை நெருங்கும்போதே உமாராணியின் காதில் அந்தச் சத்தம் விழுந்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது... சுற்றுகிறது... இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது.

வழியில் நின்று அந்நிய ஆண்களோடு பேசுவது பிச்சைமணி வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை. ஆனால் தென்காசியில் டீசல் ஒர்க்‌ஷாப் நடத்தும் பிச்சைமணியின் மகளால், ஒரு பேட்டரி வீணாகச் சாவதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போகவும் முடியவில்லை. ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள்.

குற்றாலத்துச் சாரல் பொடிப்பொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கார்... மூடிய பானெட். பின்சீட்டில் பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர், மடியில் தாம்பூலத் தட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்சீட்டுக் கண்ணாடி மெல்ல இறங்கியது.

முதலில் அவள் பார்த்தது கண்களைத்தான். அகலமான கண்கள்... கொஞ்சம் பயந்த, பொய் சொல்லவே தெரியாத கண்கள். அந்தக் கண்களை வைத்துக்கொண்டு அவன் பொய் சொன்னான்.

“சும்மாதான் நிப்பாட்டியிருக்கோம்... சாரல் பாக்க.”

“சாரல் பாக்கதுக்கு எதுக்குங்க செல்ப் அடிக்கிய?”

அவன் ஸ்டீரிங்கைப் பார்த்தான்.

“டீசல் பில்டர் மாத்துனியளா?”

“நேத்து... வீட்டுல வச்சு. நானே.”

“காத்து எடுத்தியளா?”

“காத்தா...?”

உமாராணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் மரியாதையாக இருக்காது.

“பில்டர மாத்துனா உள்ள காத்து நின்னுரும். டியூப்ல மிச்சம் கெடந்த டீசல்ல கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் படுத்துரும். பானெட்டத் தொறந்து, கைப்பம்ப அமுக்கி, காத்த வெளிய விடணும். பத்து நிமிச வேல.”

“பானெட்டத் தொறக்க முடியாது” என்றது பின்சீட்டு. “நான் வேல்சாமி. எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுக் கார் ரோட்டுல வாயப் பொளந்து நின்னது கெடையாது. ரிப்பேர்னா வீட்டு கேட்ட அடைச்சுட்டுத்தான்.”

“பத்தரைக்குக் கோயில்ல அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம்” என்றான் மகன், தாழ்ந்த குரலில். “தாய்மாமன் தட்டு எங்க அப்பா கையில இருக்கு. இப்பமே மணி பத்து.”

“ஆட்டோவுல போகலாமே.”

“ஆட்டோவுல போயி எறங்குத தாய்மாமனா நான்?” என்று கேட்டார் வேல்சாமி.

உமாராணிக்கும் முதுகு நிமிர்ந்தது.

“எங்க வீட்டுலயும் ஒரு வழக்கம் உண்டுங்க. வாய்விட்டுக் கேக்காம யாரு வண்டியிலயும் கை வைக்க மாட்டோம்.”

கண்ணாடியில் சாரல் கோடு கோடாக வழிந்தது. அவன் பின்னால் அப்பாவைப் பார்த்தான்... வெளியே அவளைப் பார்த்தான்... கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

“எனக்குத் தெரியல. சொல்லித் தாங்க.”

“ஏலே முத்துச்செல்வம்” என்றார் வேல்சாமி. அதற்குள் பானெட் திறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவரும் இறங்கி, குடையை விரித்து, ரோடு பக்கம் மறைத்துக்கொண்டு நின்றார். கையில் தட்டு. முகத்தில் சாரலை ரசிக்கும் பாவனை.

முத்துச்செல்வம் பில்டரின் தலையில் இருந்த திருகாணியைத் தளர்த்தி, பம்பை அமுக்கினான். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. பாதி அவன் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

“மெதுவா... நுரை வருதுல்லா, அதான் காத்து.”

“எவ்வளவு நேரம் அமுக்கணும்?”

“நுரை நிக்குத வரைக்கும்.”

“நிக்காம இருந்தா நல்லாருக்கும்” என்றான், பம்பைப் பார்த்தபடி.

உமாராணி வானத்தைப் பார்த்தாள். வானத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை...

அப்போதுதான் ஒரு பைக் வேகம் குறைத்தது.

“என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா?”

“அதெல்லாம் இல்லப்பா” என்றார் வேல்சாமி, குடையைச் சற்றே சாய்த்து. “இந்தப் பிள்ள இலஞ்சிக்கு வழி கேட்டுச்சு. தம்பி சொல்லிக்கிட்டிருக்கான்.”

உமாராணி முத்துச்செல்வத்தைப் பார்த்தாள். இப்போது சொல்வான்... இதோ சொல்லப் போகிறான்... அவன் திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பைக் போய்விட்டது.

தென்காசியில் பிறந்து வளர்ந்தவள் பக்கத்திலேயே இருக்கும் இலஞ்சிக்கு வழி கேட்டாளாம். பல்லிளித்துப் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு என்றுதானே பைக்கில் வந்தவன் நினைத்திருப்பான்? அவள் முகம் சிவந்தது. வெட்கத்தால் அல்ல.

“நுரை நின்னுட்டு. திருகாணிய இறுக்குங்க. பம்பு கல்லு மாதிரி ஆகுத வரைக்கும் அமுக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணுங்க.”

இன்ஜின் இருமியது... திணறியது... பிடித்துக்கொண்டது. அவன் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி ஓடி வந்தபோது, அவள் ஸ்கூட்டரில் ஏறியிருந்தாள்.

“வழி தெரிஞ்சுட்டு. வாரேன்” என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்கூட்டரின் பின்னால் எழுதியிருந்த ஒர்க்‌ஷாப் பெயர் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

அதற்குப் பிறகு ஐந்து நாள், ஒர்க்‌ஷாப் வழியாகப் போன ஒவ்வொரு வெள்ளைக் காரையும் உமாராணி திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தன்னையே திட்டிக்கொண்டாள். வாயில்லாதவனுக்குக் கண் மட்டும் எதற்கு அவ்வளவு பெரிது...

ஆறாம் நாள் காலையிலும் சாரல். “ஏட்டி உமா, வெளிய வந்து பாரு” என்று அப்பா கூப்பிட்டார்.

ஒர்க்‌ஷாப் வாசலில், நடுத்தெருவை நோக்கி, அந்தக் கார் பானெட்டைத் திறந்துபோட்டு நின்றது. பக்கத்தில் குடை இல்லாமல் நனைந்தபடி வேல்சாமி. எதிர்ச் சாரி டீக்கடையில் எல்லோரும் கிளாஸோடு திரும்பியிருந்தார்கள்.

“என்ன கோளாறு அண்ணாச்சி?” என்றார் பிச்சைமணி.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல.” டீக்கடைக்கும் கேட்கும்படி அவர் குரலை உயர்த்தினார். “ஆறு நாளைக்கு முன்ன இலஞ்சி ரோட்டுல வழி தெரியாம நின்னது நாங்க. ஓட வச்சது உங்க மக. தாய்மாமன் தட்டு நேரத்துக்குப் போயிச் சேந்தது அவளால. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். தப்பு.”

ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றித் தெருவில் சொன்ன பொய்யைத் தெருவில் நின்றுதான் திருப்பி எடுக்க வேண்டும். அது தெரிந்த குடும்பம்தான்... கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

முத்துச்செல்வம் முன்னால் வந்தான். வேட்டியில் அந்த டீசல் கறை வெளுத்தும் போகாமல் கிடந்தது.

“பைக்குல வந்தவரு கேட்டப்பமே நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல... அன்னையிலருந்து சோறு எறங்கல.” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “வாய்விட்டுக் கேக்கணும்னு சொன்னியள்லா... கேக்கேன். உங்களப் பாத்த நிமிசத்துலயே எனக்குப் பிடிச்சிட்டு. என்னயக் கட்டிக்கிடுதியளா?”

டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

உமாராணி அப்பாவைப் பார்த்தாள். பிச்சைமணி இன்ஜினுக்குள் குனிந்து, பம்பை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். “வேல சுத்தமாத்தான் இருக்கு” என்றார், யாரையும் பார்க்காமல்.

அவள் சாரலில் இறங்கி நடந்தாள். திறந்திருந்த பானெட்டில் கை வைத்தாள்... மெதுவாக இறக்கி, அழுத்தி மூடினாள்.

“மழையில எவ்வளவு நேரம் தொறந்து போட்டிருப்பிய... உள்ள வாங்க மாமா” என்றாள், வேல்சாமியைப் பார்த்து.

மகனைப் பார்க்க... அப்போதைக்குத் துணிச்சல் வரவில்லை.