எஸ்கேப்புக்குப் பின்னால்

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் புரோகிராமர் அந்த வார்டுக்குள் நுழைந்தான். ஸ்பிரிட் வாடையும் காயாத துணி வாடையும் மூக்கில் ஏறின. மூலைக் கட்டில் மட்டும் காலி. அதில் படுத்திருந்த பெரியவர் மருந்து அளவு எகிறி முந்தாநாள்தான் இறந்திருந்தார்.

மருந்து ஏற்றும் மெஷின்களை நடத்துவது இவன் எழுதிய புரோகிராம். மவுஸ், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கீபோர்டு, அவ்வளவுதான்.

“வேண்டாம்னு எஸ்கேப்தான் சார் தட்டினேன்” என்றாள் நர்ஸ். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. “அடுத்த பெட்டுக்குப் போக உடனே பி தட்டினேன். இப்ப வேலையை விட்டே தூக்கப் போறாங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார்.”

அவனுக்குப் பகீரென்றது. ஆல்ட் கீயோடு ஓர் எழுத்தை அழுத்தினால், இந்த மாதிரித் திரையில் புரோகிராமுக்கு முதலில் எஸ்கேப்பும் அதன் பின்னாலேயே அந்த எழுத்தும்தான் வந்து சேரும். அதனால் எஸ்கேப் வந்ததும், பின்னால் ஏதாவது வருகிறதா என்று புரோகிராம் கண்ணிமைக்கும் நேரம் காத்திருக்க வேண்டும்; வந்தால் அது ஆல்ட், வராவிட்டால் வெறும் எஸ்கேப். வீட்டிலிருந்து சோதித்தபோது லைன் மந்தமாக இருந்ததால் அந்தக் காத்திருப்பை நீட்டி வைத்த மகராசன் இவன்தான். குறைக்க மறந்துவிட்டான். நர்ஸ் வேகமாகத் தட்டிய இரண்டும் சேர்ந்து ஆல்ட் பி ஆகிவிட்டன. ஆல்ட் பி என்றால் ‘முழு அளவு கொடு’ என்று அர்த்தம்.

தலைமை நர்ஸ் வந்து நின்றார். “என்ன தம்பி, தப்பு யார் மேல?”

“இவங்க கைத்தவறுதான் மேடம்.”

சொன்ன பிறகு நர்ஸின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. தலைமை நர்ஸ் அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

காதும் காதும் வைத்தாற்போல் அந்தக் காத்திருப்பைக் குறைத்துவிடலாம் என்று கீபோர்டை இழுத்தான்.

எஸ்கேப் தானாகக் கீழே இறங்கியது.

உடனே பி.

திரையில் எழுத்து வந்தது: மூலைக் கட்டில், முழு அளவு.

கீபோர்டின் வயரைப் பிடுங்கினான்.

மறுபடி எஸ்கேப். மறுபடி பி.

பிடரியில் மருந்து வாடையோடு ஒரு மூச்சு பட்டது.

“சொல்லிடுப்பா” என்றது ஒரு கிழக்குரல், கெஞ்சுவதுபோல. “அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் தட்டுச்சு.”

விழுந்தடித்து ஓடினான். தலைமை நர்ஸின் அறைக்கதவு திறந்தே இருந்தது. உள்ளே நர்ஸ் தலைகுனிந்து நின்றாள். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். மானம் போய்விடுமே என்று நின்றான். பிறகு, தன்னையே காறித் துப்பலாம் போன்ற கூச்சத்தோடு, அவளைவிடத் தாழக் குனிந்து கடந்து போனான்.

வாசலில் வாட்ச்மேன் குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன சார், நீங்க பாட்டுக்கு ஓடுறீங்க? கூட வர்ற பெரியவர் தள்ளாடுறாரே, கொஞ்சம் பிடிச்சுக்குங்க. கையில ஊசியைக்கூட இன்னும் கழட்டல பாருங்க.”